காத்தடிக்கிற கரையில விறகடுப்பு: டென்ட் போட்டு முதல் தடவை சமைக்கப் போறவங்களுக்கு

ராமநாதபுரம் மாவட்டத்துக் கரையில, உச்சிப்புளி, மண்டபம் பக்கம் டென்ட் தூக்கிட்டு வர்ற பசங்க இப்ப அங்கயே சமைச்சுச் சாப்பிடணும்னும் ஆசப்படுறாங்க. நல்ல ஆசைதான். ஆனா முக்காவாசிப் பேரு செய்யுற தப்பு ஒண்ணே ஒண்ணுதான், விறக அள்ளிப் போட்டு இடுப்பு உசரத்துக்கு எரிய விட்டு அந்தக் கொழுந்து மேலயே சட்டிய வச்சுர்றாங்க. சோறு அடியில கருகிப் போயி மேல அரிசியாவே நிக்கும், மீனு வெளிய கரி, முள்ளுகிட்ட பச்சை. சமையல் நடக்குறது தணல்ல. தீ எரியுறது அந்தத் தணல உண்டாக்குறதுக்கு. இத மட்டும் புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது, மீதிப் பாதி நம்ம கரைக் காத்து. கொடைக்கானல் காட்டுல அடுப்பு வைக்கிற வீடியோவப் பாத்துட்டு வந்து அதே மாதிரி இங்க வச்சீங்கன்னா தீப்பெட்டி காலியாகும், அடுப்பு பத்தாது, இல்லன்னா பத்துன தீ நீங்க நெனைக்காத பக்கமா ஓடும்.

எப்ப வரணும், எங்க போடணும்

ராம்நாட்டுக்கு ரெண்டு கடலு. வடக்க பாக் விரிகுடா, தெக்க மன்னார் வளைகுடா. ஐப்பசியில இருந்து மார்கழி வரைக்கும் வாடைக்காத்து, மழையும் சேந்துக்கும், வடக்குக் கரை கொந்தளிச்சுக்கிட்டே கெடக்கும். வைகாசியில இருந்து ஆவணி வரைக்கும் கச்சான்னு சொல்ற தென்மேற்குக் காத்து, தெக்குக் கரையில மணல வாரி மூஞ்சியிலயும் சட்டியிலயும் ஒண்ணு போல அடிக்கும். அதனால முதல் தடவைன்னா தை கடைசி, மாசி, பங்குனி இந்த மாசத்துல வாங்க, ரெண்டு பக்கமும் கடலு பெரும்பாலும் கொளம் மாதிரி இருக்கும், முன்னாடியே வந்தா பனங்கிழங்கும் கெடைக்கும்.

எடம் விஷயத்துல கொஞ்சம் கறாரா சொல்லிர்றேன். தனுஷ்கோடியில ராத்திரி தங்க முடியாது, 1964 டிசம்பர் புயல்ல போன ஊரு அது, சாயந்தரம் ஆனா போலீசு எல்லாரையும் வெளிய அனுப்பிருவாங்க. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல கெடக்குற 21 தீவும் 1986ல இருந்து தேசியப் பூங்கா, போட்டுக்காரர் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாலும் அனுமதி இல்லாம அங்க கால் வைக்காதீங்க. வனத்துறை சவுக்குத் தோப்பும் வேணாம். அந்த சவுக்கு இலை சருகா ஒரு சாண் கனத்துக்கு மெத்தை மாதிரி கெடக்கும் பாருங்க, மேல தீ அணைஞ்ச மாதிரி தெரியும், அடியில கமுக்கமா ஓடிக்கிட்டு இருக்கும்.

பின்ன எங்கதான் போடுறதுன்னா, கரையோரமா இருக்குற தனியார் தென்னந்தோப்பு, பனந்தோப்பு. தோப்புக்காரர்கிட்ட பகல்லயே போயி "அண்ணே, ஒரு ராத்திரி டென்ட் போட்டுக்கிறோம், அடுப்பும் மூட்டுவோம், காலையில சுத்தம் பண்ணிட்டுத்தான் போவோம்"னு கேளுங்க, அடுப்பு மூட்டுறத மறைக்காம கேளுங்க. பக்கத்து போலீசு ஸ்டேஷன்லயும் ஒரு வார்த்தை சொல்லிருங்க. இது இலங்கைய ஒட்டுன கரை, உச்சிப்புளியில கடற்படை விமானத்தளம் வேற இருக்கு, ராத்திரி கரையில வெளிச்சம் தெரிஞ்சா விசாரிக்க வருவாங்க, அது அவங்க வேலை.

கொண்டு வர வேண்டியது

செங்கல் மூணு, இரும்புக் கிராதி ஒண்ணு, மூடியோட அடி கனமான அலுமினியச் சட்டி, ஒரு சின்ன மண்வெட்டி, நீளமான இடுக்கி, துணி கையுறை, ரெண்டு வாளி. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் தண்ணி, கரையில ஊத்துத் தோண்டி எடுத்துக்கலாம்னு நம்பி வராதீங்க, எந்த எடத்துல நல்ல தண்ணி ஊறும்னு அந்த ஊருக்காரங்களுக்குத்தான் தெரியும்.

செங்கல் எதுக்கு, கல்லுதான் கரையில கெடக்கேன்னு கேப்பீங்க. வெள்ளையா ஓட்டை ஓட்டையா கெடக்குறது பவளப்பாறைக் கல்லு, பவளத்த எடுக்குறது வன உயிரினச் சட்டப்படி குத்தம். அது போக, தண்ணியில ஊறுன எந்தக் கல்லையும் அடுப்புல வச்சா உள்ள இருக்குற ஈரம் ஆவியாகி வெளிய வர வழி இல்லாம படார்னு வெடிக்கும், சில்லு தெறிச்சு கண்ணுல படும். மூணு செங்கல் வண்டியில ஒரு மூலையில கெடந்துட்டுப் போகுது.

விறகு

நம்ம மாவட்டத்துல விறகுக்குப் பஞ்சமே இல்ல, எங்க பாத்தாலும் சீமைக்கருவேலம். வேற எதுக்கு ஆகுதோ இல்லையோ தணலுக்கு அதை அடிச்சுக்க முடியாது, நின்னு எரியும், கங்கு சீக்கிரம் பூக்காது, அதனாலதான் கமுதி, முதுகுளத்தூர் பக்கம் மூட்டம் போட்டுக் கரி எடுத்து லாரி லாரியா அனுப்புறாங்க. ஒடிச்சா டப்புனு சத்தம் வரணும், வளைஞ்சு கொடுத்தா அது பச்சை, புகைய மட்டும்தான் தரும். கட்டை வெரல் மொத்தத்துல ஒரு கட்டு, மணிக்கட்டு மொத்தத்துல ரெண்டு கட்டு இருந்தா நாலு பேரு சமையலுக்குப் போதும். முள்ளு பத்திரம், டென்ட் அடியில ஒரு முள்ளு கெடந்தா அடித்துணி, பாய், காத்து மெத்தை எல்லாம் போச்சு, விறக டென்ட்டு பக்கம் கொண்டு போகவே போகாதீங்க. தைரியம் பத்தாதவங்க போற வழியில கடையில நாலு கிலோ அடுப்புக்கரி வாங்கிக்கங்க, முதல் தடவைக்கு அது ரொம்ப ஒத்தாசையா இருக்கும்.

பத்த வைக்கிறதுக்கு தோப்புலயே எல்லாம் கெடக்கும்: பன்னாடை (மட்டை அடியில வலை மாதிரி இருக்குற நாரு), காஞ்ச பனையோலை, தென்னம்பாளை, தேங்காநார், செரட்டை. செரட்டைய விட்டுராதீங்க, அது தர்ற கங்கு சுள்ளுனு இருக்கும்.

எரிக்கக் கூடாதது: கடல்ல மெதந்து வந்து ஒதுங்குன கட்டை, உப்பு ஊறுனது, எரிச்சா வர்ற புகை நெஞ்சுக்கு நல்லதில்ல. பெயிண்ட் அடிச்ச பழைய வள்ளத்துப் பலகை, பைபர் துண்டு, வலை, இதெல்லாம் சமைக்கிற தீயில விழவே கூடாது. அரளிக் குச்சி வெஷம், அதுல மீன் குத்தி சுடுறதும் வேணாம், அடுப்புல போடுறதும் வேணாம்.

அடுப்புக் குழி

இதுதான் முக்கியமான படி, அவசரப்படாதீங்க. அலை ஏறி வந்து விட்டுட்டுப் போன தாழைங்கிற கடல்புல்லும் பாசியும் ஒரு வரியா காஞ்சு கெடக்கும், அந்த வரிக்கு மேல நல்லா தள்ளி, மேல ஓலை தொங்காத எடமா பாருங்க. சுத்தி பத்தடிக்கு சருகு, ஓலை எல்லாத்தையும் கூட்டித் தள்ளிட்டு வெறும் மணலா ஆக்கணும்.

இப்ப ஒரு பிடி காஞ்ச மணல எடுத்து தலை உசரத்துல இருந்து விடுங்க. எந்தப் பக்கம் போகுதோ அதுதான் காத்து போற திசை. டென்ட் காத்து வர்ற பக்கம், அடுப்பு காத்து போற பக்கம், நடுவுல கொறைஞ்சது பதினஞ்சு அடி. டென்ட் துணி நைலான், ஒரு பொறி போதும், எரியக்கூட வேணாம், உருகி ஓட்டையாகும். ராத்திரி கரைக்காத்து திரும்புறது வழக்கம், அதனால தூங்கப் போறதுக்கு முன்னாடி தீ இருக்கவே கூடாது, அத கடைசியில சொல்றேன்.

குழிய காத்து வர்ற திசைக்கு நேரா நீளமா தோண்டுங்க, ரெண்டு முழம் நீளம், ஒரு முழம் அகலம், ஒரு சாண் ஆழம். மேல் மணல் சரிஞ்சுக்கிட்டே இருக்கும், அத ஒதுக்கிட்டு ஈர மணல் வர்ற வரைக்கும் போனா சுவரு நிக்கும். காத்து வர்ற முனையில மட்டும் சரிவா வெட்டி விடுங்க, அது வழியா காத்து தரையோட நுழைஞ்சு தணல ஊதிக்கிட்டே இருக்கும், மேல அடிக்கிற காத்து தணல கலைக்காது. ரெண்டு குழி தோண்டி அடியில சுரங்கம் விடுற அடுப்பு ஒண்ணு வீடியோல காட்டுவாங்க, செம்மண்ணுல நிக்கும், நம்ம மணல்ல பொலபொலன்னு உள்ள விழுந்துரும்.

செங்கல் மூணையும் குழியோட மத்தியில அடுப்பு மாதிரி வைங்க, சட்டி ஆடாதான்னு வெறும் சட்டிய வச்சு ஆட்டிப் பாத்துருங்க. ரெண்டு வாளியிலயும் கடல்தண்ணி மொண்டு பக்கத்துல வச்ச பொறகுதான் தீப்பெட்டிய எடுக்கணும்.

தீ, அப்புறம் தணல்

நாலரை மணி போல பத்த வைங்க. பன்னாடையக் கசக்கி அடியில, மேல தேங்காநார், அதுக்கு மேல சுள்ளி, காத்து வர்ற பக்கமா முதுகைக் காட்டி உக்காந்து பத்த வைக்கணும். மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊத்துற வேலையே வேணாம், குப்புனு ஏறி கைய சுட்டுரும், வாடையும் சோத்துல ஏறும். சுள்ளி பிடிச்சதும் கட்டை வெரல் மொத்தம், பெறகு மொத்த விறகு, அதோட செரட்டை.

கொழுந்து விட்டு எரியுற இந்த நேரத்துல ஒரே ஒரு வேலை செய்யலாம், கருப்பட்டிக் காப்பி. நாலு டம்ளர் தண்ணி, கைப்பிடி தட்டுன கருப்பட்டி, சுக்கு ஒரு துண்டு, கொதிச்சதும் காப்பித்தூள் போட்டு மூடி எறக்கி வடிச்சுக்குடிங்க. குடிச்சுக்கிட்டே காத்திருக்கணும். முக்கா மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

கொழுந்து அடங்கி, கங்கு மேல வெள்ளையா சாம்பல் பூத்து உள்ள செவப்பா தெரியும்போது, உள்ளங்கைய ஒரு சாண் உசரத்துல காட்டி ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுங்க. மூணுக்குள்ள கைய எடுத்தீங்கன்னா சூடு அதிகம், தண்ணி கொதிக்க வைக்க நல்லது. அஞ்சு ஆறு வரைக்கும் தாங்குனா மீன் சுட சரியான பதம். தணல இடுக்கியால ரெண்டாப் பிரிங்க, செங்கலுக்கு நடுவுல கனமா சோத்துக்கு, குழியோட மறு முனையில மெல்லிசா பரப்பி மீனுக்கு.

சோறு

முதல் தடவைக்கு பச்சரிசி எடுத்துக்கங்க, புழுங்கலரிசி நேரம் இழுக்கும், விறகும் தின்னும். சட்டிக்கு வெளிப்பக்கம் ஈரச் சாம்பலக் குழைச்சுப் பூசிட்டு அடுப்புல ஏத்துனா கரி எல்லாம் அந்தப் பூச்சோட கழண்டு வந்துரும், எங்க அப்பத்தா இன்னைக்கும் அப்படித்தான் பண்ணுவாங்க. ஒரு பங்கு அரிசிக்கு மூணு நாலு பங்கு தண்ணி, கொதிச்ச பெறகு அரிசி போடணும், முக்கால் பதம் தாண்டுனதும் வடிச்சுட்டு சட்டிய தணலுக்குப் பக்கத்துல மணல்ல பத்து நிமிஷம் மூடி வச்சா புழுங்கி பூ மாதிரி மலந்துரும். அளவுத்தண்ணி வச்சா தணலோட சூடு ஏறி எறங்குறதுல அடி பிடிக்கும், வடிக்கிறதுதான் புதுசா சமைக்கிறவங்களுக்குப் பாதுகாப்பு. வடிச்ச கஞ்சிய கொட்டாதீங்க, உப்புப் போட்டு ஆளுக்கு ஒரு டம்ளர். மூடிய அடிக்கடி தொறக்காதீங்க, தொறந்த ஒவ்வொரு தடவைக்கும் மணல் விழும்.

மீன்

மத்தியானமே கரையில மீன் விக்கிற அக்காகிட்ட வாங்கி ஐஸ்ல வச்சுருங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மீனுதான் வரும், வெலையும் கூடும். சுடுறதுக்கு வெளமீன் மாதிரி வேற ஒண்ணு இல்ல, பாறையும் நல்லா இருக்கும். முக்காக்கிலோ மீனா ரெண்டு வாங்குங்க. "அக்கா, கொடலும் செவுளும் மட்டும் எடுத்துருங்க, செதிள் சீவ வேணாம்"னு சொல்லணும், அவங்க ஒரு மாதிரி பாத்தாலும் பரவாயில்ல. செதிள்தான் கவசம், தணல் சூட்டுல அது மட்டும் கருகி, உள்ள சதை தன் ஈரத்துலயே வேகும், கிராதியிலயும் ஒட்டாது. தானா தூண்டில் போட்டுப் பிடிக்கிறவங்க தெரியாத மீனத் திங்காதீங்க, பேத்தை மீனோட வெஷம் ஆளையே கொல்லும், ஒராவோட முள்ளு குத்துனா கையெல்லாம் கடுக்கும்.

மசாலாவுக்கு நம்மூரு குண்டு மிளகாய் எட்டு, முண்டு மிளகாய்னு 2023ல புவிசார் குறியீடு வாங்குச்சே அதேதான், ஊற வச்சு, மிளகு, சீரகம், பத்துப் பல்லு பூண்டு, கொட்டைப்பாக்கு அளவு புளி, உப்பு சேத்து வீட்டுலயே கெட்டியா அரைச்சு டப்பாவுல கொண்டு வந்துருங்க. செதிள் மேல தடவி ஒரு பிரயோஜனமும் இல்ல, வயித்துக்குள்ளயும் செவுள் எடுத்த பொந்துலயும் அடைங்க. கிராதியில எண்ணெய் தடவி, மீன வச்சு, ஒரு பக்கம் பத்து பன்னெண்டு நிமிஷம் கை வைக்காம விடணும். சும்மா சும்மா பொரட்டுனா உடைஞ்சு தணல்ல கொட்டும். கண்ணு வெள்ளை முழியா வெளிய தள்ளி, முதுகு முள்ளுகிட்ட குச்சியால நெம்புனா சதை சுலபமா பிரிஞ்சு வந்தா வெந்துருச்சு, கண்ணாடி மாதிரி இருந்தா இன்னும் அஞ்சு நிமிஷம். தோலோட செதிள உரிச்சுப் போட்டுட்டு சாப்பிடுங்க.

மீன் வேகுற நேரத்துல ஒரு கத்திரிக்காயும் ரெண்டு தக்காளியும் ஓரத் தணல்ல போட்டு சுட்டு, தோல உரிச்சு, சின்ன வெங்காயம் உப்போட பிசைஞ்சா சோத்துக்குத் தொட்டுக்க ஆச்சு. பனங்கிழங்கு இருந்தா தோலோட சாம்பலுக்குள்ள சொருகி விடுங்க.

தீய அணைக்கிறது

இந்த ஒரு படிய மட்டும் ரெண்டு தடவை படிங்க. எல்லாரும் மணலத் தள்ளி மூடிட்டுப் போயிர்றாங்க. மணல் தீய அணைக்காது, சூட்டப் பிடிச்சு வச்சுக்கும். ரெண்டு வருஷத்துக்கு முந்தி எங்க தோப்புக் கரையில யாரோ அப்படி மூடிட்டுப் போன குழியில மறுநாள் காலையில என் தங்கச்சி மகன் வெறுங்காலோட மிதிச்சுட்டான், ஆறு வயசுப் பிள்ளை, மேல பாத்தா வெறும் மணல்தான், ஒண்ணுமே தெரியல. பாதம் ஆற மூணு வாரம் ஆச்சு.

அதனால ஒம்பது மணிக்குள்ள விறகு போடுறத நிறுத்திருங்க. தை, மாசி, பங்குனி மாசங்கள்ல ஆமை முட்டை போட கரையேறும், குஞ்சும் பொரிக்கும், குஞ்சுக வெளிச்சத்தப் பாத்து கடலுக்குப் போகாம தோப்புப் பக்கம் வந்துரும், அதுக்கும் இருட்டு வேணும். ஒரு வாளி கடல்தண்ணிய தணல் மேல கொஞ்சம் கொஞ்சமா தெளிங்க, ஆவி சுள்ளுனு மேல வரும், முகத்த தள்ளி வச்சுக்கங்க. மண்வெட்டியால கிளறுங்க, மறுபடி ஊத்துங்க, சத்தம் நிக்கிற வரைக்கும். பெறகு பொறங்கைய கிட்ட கொண்டு போயி சூடு அடிக்கலன்னு பாத்துட்டு, அடி மணலத் தொட்டுப் பாருங்க. கை வைக்க முடியுதுன்னாதான் அணைஞ்சதுன்னு அர்த்தம். கரிய சாக்குல அள்ளிட்டு, காலையில வெளிச்சத்துல குழிய மூடிருங்க. ராத்திரி யாருக்காச்சும் தீக்காயம்னா இருக்குற நல்ல தண்ணிய இருபது நிமிஷம் ஊத்திக்கிட்டே இருங்க, பேஸ்ட் எல்லாம் தடவாதீங்க, 108க்கு அடிச்சுருங்க.

மிஞ்சுன சோத்துல தண்ணி ஊத்தி மூடி வைங்க. காலையில அதுக்கு உப்பு, சின்ன வெங்காயம், ராத்திரியே தணல்ல சுட்டு எடுத்து வச்ச ரெண்டு குண்டு மிளகாய், சாம்பல தட்டுன பனங்கிழங்கு. மறுபடி அடுப்பு மூட்ட வேண்டியதில்ல.