புதுப் பையன் பந்து போடுகிறான்: அவரை எப்படிக் கணிப்பது

தென்னாப்பிரிக்க அணிக்குள் ஓர் இளம் வேகப்பந்து வீச்சாளர் வந்துவிட்டால் டர்பனில் நம் இந்திய வம்சாவளி மக்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தாக இருந்தாலும் ஃபீனிக்ஸாக இருந்தாலும் இரண்டே கட்சிதான். ஒரு பக்கம் "அடுத்த ரபாடா" (நம் அணியின் பெயர்பெற்ற வேகப்பந்து வீச்சாளர்), இன்னொரு பக்கம் "இவனையெல்லாம் யார் எடுத்தது". மூன்று ஆட்டம் முடிவதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிடும். கொஞ்சம் பொறுத்து, சில விஷயங்களை மட்டும் கவனித்தால் இதைவிட நன்றாகவே கணிக்கலாம். குவெனா மஃபாகாவை வைத்தே பார்ப்போம். 2006-இல் பிறந்தவர், இடதுகை வேகம், ஆரம்பம் முழுக்க எல்லோர் கண்முன்னாலும் நடந்தது.

முதலில் அவர் எங்கிருந்து வருகிறார் என்று பாருங்கள். நம் நாட்டில் பாதை கிட்டத்தட்ட தெரிந்ததுதான்: கிரிக்கெட்டுக்குப் பேர்போன ஒரு பள்ளிக்கூடம், மாகாண அணி, டிசம்பரில் மாகாணப் பள்ளி அணிகள் மோதும் காயா மஜோலா வாரம், அங்கிருந்து 19 வயதுக்குட்பட்ட தேசிய அணி. ரபாடாவும் மஃபாகாவும் படித்தது ஒரே பள்ளி, ஜோஹன்னஸ்பர்க்கின் செயின்ட் ஸ்டிதியன்ஸ். 2024-இல் இங்கேயே நடந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் மஃபாகா 21 விக்கெட் எடுத்துத் தொடர் நாயகன் ஆனார். மூன்று முறை ஐந்து விக்கெட்டுக்குக் குறையாமல். சரி, ஆனால் அதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கணக்குப் போடணும். அந்த வயதுப் பையன்கள் வேகத்துக்கே பயந்து அவுட் ஆவார்கள், பெரியவர்களுக்கு அது தினசரிச் சாப்பாடு. அதனால் எத்தனை விக்கெட் என்பதை விட்டுவிட்டு எப்படி விழுந்தன என்று பாருங்கள். எல்பிடபிள்யூ, போல்டு, ஸ்லிப்பில் கேட்ச் எத்தனை, கடைசியில் வந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சுற்றியது எத்தனை.

அடுத்தது, முதல் அடி விழும் நாள். எல்லோருக்கும் அது விழும். மஃபாகாவுக்கு 2024 மார்ச்சில் ஹைதராபாத்தில் விழுந்தது: மும்பை இந்தியன்ஸுக்காக முதல் ஐபிஎல் ஆட்டம், வயது 17, நான்கு ஓவரில் 66 ரன், விக்கெட் இல்லை. அன்று இரவே பையன் முடிந்தான் என்று சொன்னவர்கள் நம் குடும்பங்களிலேயே உண்டு. ஆனால் எதிரணியான சன்ரைசர்ஸ் அன்று எடுத்தது 277. டிராவிஸ் ஹெட் 18 பந்தில் அரை சதம், அபிஷேக் சர்மா 16 பந்தில், போதாததற்கு நம்ம ஊர் கிளாசன் வேறு 34 பந்தில் 80. மற்ற பந்துவீச்சாளர்களும் ஒன்றும் தப்பிக்கவில்லை. இந்த மாதிரி நாளில் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: கேப்டன் அவருக்கு நான்கு ஓவரையும் கொடுத்தாரா, அடுத்த ஆட்டத்திலும் இறக்கினார்களா. கொடுத்தார்கள், இறக்கினார்கள். அடுத்த ஆட்டத்தில் ஜெய்ஸ்வால் விக்கெட் கிடைத்தது.

விக்கெட் பட்டியலும் ஏமாற்றும், அதுவும் இனிப்பான பக்கத்தில் ஏமாற்றும். 2025 ஜனவரியில் கேப் டவுன் நியூலேண்ட்ஸில் பாகிஸ்தானுக்கு எதிராக மஃபாகா டெஸ்ட்டில் இறங்கினார், 18 வயது 270 நாள், தென்னாப்பிரிக்காவுக்கு டெஸ்ட் ஆடியவர்களில் அவரைவிட இளையவர் கிடையாது. முதல் விக்கெட் யார் தெரியுமா, பாபர் ஆசம், அரை சதம் தாண்டி நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர். செய்தியில் கேட்டால் பிரமாதம். ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கால் பக்கம் விலகிப்போன பந்து, மட்டையை லேசாகத் தொட்டுவிட்டு விக்கெட் கீப்பர் வெரைன் கையில் போய் உட்கார்ந்தது. பந்துவீச்சாளருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்திருக்கும். அதனால் ஸ்கோர் கார்டை மூடிவைத்துவிட்டு ஒரு முழு ஸ்பெல்லை, அதாவது இடைவிடாமல் அவர் போடும் சில ஓவர்களை, பாருங்கள், ஆறு பந்தில் எத்தனை ஒரே இடத்தில் விழுகிறது, வலதுகை ஆட்டக்காரருக்கு உள்ளே கொண்டுவரும் பந்து எப்போதாவது வருகிறதா இல்லை அவர் நினைத்தபோதெல்லாம் வருகிறதா என்று. இளம் இடதுகை வீச்சாளரிடம் எனக்கு முக்கியம் இந்தக் கடைசிக் கேள்விதான், வேகமெல்லாம் அப்புறம்.

வேகத்தைப் பார்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் திரையில் வரும் பெரிய எண்ணை விடுங்கள், காலை முதல் ஸ்பெல்லில் என்ன வேகம், சாயங்காலம் மூன்றாவது ஸ்பெல்லில் என்ன வேகம் என்று ஒப்பிடுங்கள். நிறைய குறைந்தால் உடம்பு இன்னும் டெஸ்ட்டுக்குத் தயாராகவில்லை.

உடம்பு என்று வந்ததால் சொல்கிறேன், இதைத்தான் நம் ஆட்கள் கவனிப்பதே இல்லை. இருபது வயதுப் பக்கம் கீழ்முதுகு எலும்பு இன்னும் முழுசாக இறுகியிருக்காது. ஒவ்வொரு பந்துக்கும் முன்கால் ஊன்றும்போது உடம்பு எடைபோல் பல மடங்கு அதில் இறங்குகிறது, கூடவே முதுகு வளைந்து திரும்புகிறது. ஒரேயடியாக ஓவர் கூடினால் அங்கே மயிரிழை விரிசல் விழும். ரபாடாவே 2018-இல் முதுகுப் பிரச்சினையால் ஐபிஎல் முழுக்க உட்கார்ந்தார், அப்போது வயது 22. ஆகவே ஒரு பையனை இரண்டு தொடருக்கு வெளியே வைத்தால் உடனே கோட்டா (அணியில் இன வாரி இடஒதுக்கீடு), அரசியல் என்று ஆரம்பிக்காதீர்கள், முந்தின மூன்று மாதத்தில் எத்தனை ஓவர் போட்டார், டி20-இலிருந்து நேராக டெஸ்ட்டுக்குத் தாவினாரா என்று எண்ணிப் பாருங்கள். பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைக்கும்.

டி20, ஒருநாள், டெஸ்ட் மூன்றையும் ஒரே சராசரியில் கலக்காதீர்கள். 2025 ஆகஸ்டில் டார்வினில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டி20-இல் மஃபாகா 20 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்தார். அது டி20 வீச்சாளர் வளர்வதைக் காட்டுகிறது, டெஸ்ட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சுழல் போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவர்கள் கடிகாரமே வேறு. நம் டர்பன் பையன் சேனுரன் முத்துசாமியைப் பாருங்கள்: 2019-இல் விசாகப்பட்டினத்தில் 25 வயதில் முதல் டெஸ்ட், முதல் விக்கெட் விராட் கோலி, தன் பந்தில் தானே பிடித்தது. அதன்பின் வருஷக்கணக்கில் எப்போதாவதுதான் கூப்பிட்டார்கள். 2025 அக்டோபரில் லாகூரில் ஒரே டெஸ்ட்டில் 11 விக்கெட். இரண்டு டெஸ்ட்டோடு அவரைக் கழித்துக் கட்டிய மாமாக்கள் இப்போது நான் அப்போதே சொன்னேன் என்கிறார்கள்.

நேரில் பார்க்கப் போனால், டர்பனின் கிங்ஸ்மீட் மைதானத்தில் புல்தரையில் குடும்பத்தோடு உட்கார்வது சுகம்தான், ஆனால் பக்கவாட்டிலிருந்து ஸ்விங், அதாவது பந்து காற்றில் வளைவது, தெரியாது. புது வீச்சாளர் ஆடும் நாளில் முதல் ஒரு மணி நேரமாவது பந்து போடும் கைக்கு நேர் பின்னால் இடம் பிடியுங்கள். கடலில் அலை ஏறும்போது அங்கே பந்து அதிகம் ஆடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பத்து ஓவர் அங்கிருந்து பார்த்துவிட்டு அப்புறம் சாப்பாட்டுக் கூடையிடம் திரும்பிப் போகலாம்.