புதுக் காடியின் முதல் ஆயிரம் கிலோமீட்டர்: தோட்டத்துச் சடக்கில் செய்ய வேண்டியவை

எங்கள் வீட்டுக்குப் புது அக்சியா, மலேசியாவின் பெரோடுவா நிறுவனத்துச் சின்னக் கார், வந்து ஐந்து வாரம் ஆகிறது, இதுவரை 1,180 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ரவாங் பக்கம் சுங்கை சோவில் செய்கிற காடி, பெஸ்தாரி ஜெயாவில், அதாவது பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்கிற எங்கள் ஊரில், பாதி நாள் தார் ரோட்டிலும் பாதி நாள் செம்பனைத் தோட்டத்து மண் சடக்கிலும் (பாதையிலும்) ஓடுகிறது. முதல் காடி வாங்குகிற பலர் சீட் கவர், கண்ணாடிக்கு டிண்டட் என்று முதல் மாதத்தைக் கழித்துவிடுகிறார்கள். அது மெதுவாக நடக்கட்டும். இந்த மாதத்தில் காடியின் சத்தத்தையும் கணக்கையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு ஏதாவது மாறினால் முதலில் உங்களுக்குத்தான் தெரியும்.

முதல் வேலை காற்று. ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கத்துத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு என்று அதில் போட்டிருக்கும், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் நிலையத்து மெஷின் பல இடங்களில் காற்றழுத்தத்தைக் கேபிஏ (கிலோபாஸ்கல்) கணக்கில் காட்டும், பிஎஸ்ஐ இன்னொரு அளவு. 230 கேபிஏ என்றால் ஏறக்குறைய 33 பிஎஸ்ஐ. காலையில், டயர் சூடாகும் முன்னே பாருங்கள். நான் முதல் தடவை கோலசிலாங்கூர் போய்த் திரும்பும் வழியில் பார்த்தேன், எண் அதிகமாகக் காட்டியது, கொஞ்சம் இறக்கிவிட்டேன். மறுநாள் காலையில் நான்கு டயரிலும் காற்று குறைந்திருந்தது. ஓடி ஓடிச் சூடான டயரில் காற்று விரிந்து எண் ஏறும், அதை நம்பி இறக்கக் கூடாது.

அடுத்தது ஓட்டுகிற விதம். முதல் ஆயிரத்துக்கு வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஈஜோக்கில் லாத்தார் நெடுஞ்சாலை ஏறினால் ஒரே வேகத்தில் கடைசிவரை போகாமல், கொஞ்சம் 80, கொஞ்சம் 100 என்று போங்கள். இது 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர், தானாக மாறும் சிவிடி கியர். செம்பனைக் குலை ஏற்றிய லாரியை முந்தப் பெடலை ஒரேயடியாக மிதித்தால் இன்ஜின் முதலில் கத்தும், வேகம் அப்புறம்தான் வரும். பக்கத்து வீட்டில் லாரி ஓட்டும் அண்ணன் முன் சீட்டில் உட்கார்ந்து ஒரே வார்த்தைதான் சொன்னார்: "தம்பி, மிதிக்காதே, அமுக்கு." அன்றிலிருந்து காடி சத்தம் போடாமல் ஏறுகிறது. ஆனால் நான்கு பேரும் ஏர்கோனும் இருக்கும்போது முந்துவதற்கு எதிரே நல்ல தூரம் காலியாக இருக்க வேண்டும், அதில் சமரசம் வேண்டாம்.

மூன்றாவது, பெட்ரோல் கணக்கு. தொட்டியை நிரப்புங்கள், குழாய் தானாக 'டக்' என்று நின்றதும் நிறுத்திவிட்டு, ட்ரிப் மீட்டரைச் சுழியமாக்குங்கள். அடுத்த முறையும் அதே பம்பில், முதல் 'டக்' வரை. ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் போதும். எனக்கு முதல் தடவை 412 கிலோமீட்டருக்கு 22.6 லிட்டர், லிட்டருக்கு 18.2. மழை வாரத்தில் தோட்டத்துக்குள்ளேயே ஓடியபோது 371 கிலோமீட்டருக்கு 21.9 லிட்டர், 17-ஐக்கூடத் தொடவில்லை. 36 லிட்டர் தொட்டியில் நான் 400 கிலோமீட்டர் வாக்கிலேயே ஊற்றிவிடுகிறேன்.

கழுவுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவில் கையை விட்டுப் பாருங்கள். செம்மண், அதில் நசுங்கிய உதிரிப்பழத்தின் நார், ஆரஞ்சு நிற எண்ணெய், எல்லாம் சேர்ந்து பசை போல ஒட்டியிருக்கும், காய்ந்தால் கல். அதனால் முதலில் அடியிலும் வளைவுகளிலும் தண்ணீரைப் பீய்ச்சி ஊறவிடுங்கள், பிறகுதான் மேலே. காய்ந்த மண்ணின் மேல் துணியை வைத்துத் தேய்த்தால் புது பெயிண்டில் கோடு கோடாக விழும்.

மண் சடக்கில் பின்னாலிருந்து 'தக் தக்' என்று சத்தம் வந்தால் பயந்து ஓட வேண்டாம். காடியில் உள்ள சாமான்கள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, அதே இடத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள், சத்தம் இல்லையென்றால் ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றுங்கள். எங்களுக்கு அது பின்னால் கிடந்த அம்மாவின் குடை.

கடைசியாக முதல் செர்விஸ்: ஒரு மாதம் அல்லது 1,000 கிலோமீட்டர், எது முன்னே வருகிறதோ அப்போது. இந்தக் காடிக்கு வாரண்டி 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர், செர்விஸ் பதிவு ஒழுங்காக இருந்தால்தான் பின்னால் பேச்சு இல்லாமல் இருக்கும். போகும் முன் கேட்ட சத்தங்களை, எந்த வேகத்தில், எந்த ரோட்டில் என்று தாளில் எழுதிக் கொடுங்கள். நான் எழுதியது மூன்று வரி. சிக்னலில் நிற்கும்போது வரும் லேசான நடுக்கம் மூன்று சிலிண்டரின் இயல்பு என்று சொன்னார்கள், மற்ற இரண்டையும் என்னோடு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துச் சரிசெய்து கொடுத்தார்கள்.