சிவப்பு விளக்கும் பீஸ் ரேட்டும்: என் அனுபவம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் புரொடக்சன் மேனேஜர். தையல் குறைகள் எல்லாம் கடைசி செக்கிங் டேபிளில்தான் வெளிவந்தன. அதற்குள் பண்டல் பண்டலாகத் தைத்து முடிந்திருக்கும். டெய்லர்களுக்கு முன்பே தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை.

டொயோட்டா கார் ஆலைகளில் குறையைக் கண்ட தொழிலாளி ஒரு கயிற்றை இழுப்பார், அல்லது பட்டனை அழுத்துவார். உடனே உற்பத்தி லைன் நிற்காது. குழுத்தலைவர் ஓடி வருவார். வண்டி அடுத்த நிலைக்கு நகர்வதற்குள் சரியாகாவிட்டால்தான் நிற்கும். இதை எங்களிடம் கொண்டுவரத் தடையாக இருந்தது பீஸ் ரேட், அதாவது தைக்கும் ஒவ்வொரு பீஸுக்கும் இவ்வளவு என்று தரும் கூலி. நின்றால் கூலி போச்சு. கூலியை வெட்டிவிட்டு, தரம் பற்றிச் சுவரில் போர்டு மாட்டி என்ன பயன்?

குறையைச் சொல்லி நிற்கும் நேரத்துக்கு அவரவர் சராசரிக் கூலியைத் தர முதலாளியிடம் சம்மதம் வாங்கினேன். பிரித்துத் தைக்கும் செலவையும், தாமதமானால் சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவையும் கணக்குப் போட்டுக் காட்டியதும் சரி என்றார். அப்புறம் லைனுக்கு ஒரு சிவப்பு விளக்கு; குறையைக் கண்ட டெய்லர் ஸ்விட்சைப் போட்டால் எரியும். எரிந்தால் சூப்பர்வைசர் மெக்கானிக்கோடு போக வேண்டும். "யார் செஞ்சது?" என்று கேட்கக் கூடாது, "மெஷின்ல என்ன?" என்றுதான் கேட்க வேண்டும். இதுதான் கஷ்டம். பழைய சூப்பர்வைசர் ஒருவருக்கு நாக்கு திருந்தவே ரொம்ப நாளானது.

ஆரம்பத்தில் விளக்கு எரியவே இல்லை. ஓவர்லாக் மெஷினில் (துணி ஓரம் தைக்கும் மெஷின்) தைக்கும் அக்கா ஒருவர் துணிந்து போட்டார். ஊசி முனை மழுங்கி, துணியில் ஓட்டை விழுந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை சம்பளத்தில் அந்த நேரத்துக்கும் காசு வந்ததை அவர் எல்லோரிடமும் சொன்ன பிறகுதான் மற்ற லைன்களிலும் ஸ்விட்சைத் தொட்டார்கள்.