ரேஸ் காரை விற்கும் முன் ஸ்டீயரிங்கைச் சரிபார்ப்பது எப்படி?

பாதி வேலையில் நிற்கும் ரேஸ் காரை விற்க நினைப்பவர்கள் எஞ்சினைத்தான் துடைத்துப் பளபளவென்று வைப்பார்கள். ஸ்டீயரிங் ஆட்டத்தை மட்டும் "சின்ன வேலைதாங்க, டைராட் மாத்தினா போயிடும்" என்று சொல்லிக் கைமாற்றிவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. வாங்குகிறவர் அந்த வண்டியைச் செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேக்கோ இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கோ கொண்டுபோய் முழு வேகத்தில் வளைவில் திருப்புவார். அங்கே எஞ்சின் நின்றுபோனால் ஒரு நாள் வீண், அவ்வளவுதான். சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டைராட் கழன்றால் உயிருக்கே ஆபத்து. அதனால் முதலில் ஸ்டீயரிங், அப்புறம் விலை பேசலாம்.

இங்கே சொல்வது பழைய மாருதி ஜென், எஸ்டீம் போன்ற முன்சக்கர டிரைவ் வண்டிகளுக்கு. எல்லாம் வீட்டில் வைத்தே பார்க்கக்கூடியவை.

இடம்

சமதளம் இல்லாமல் இந்த வேலை நடக்காது. டெல்டாவில் அதற்கு ஏற்ற இடம் நெல் காயவைக்கும் சிமெண்ட் களம். அறுவடை நாட்களில் போய்க் கேட்காதீர்கள், கிடைக்காது. மழைத்தண்ணீர் வடிவதற்காகக் களத்துக்கு வாட்டம் விட்டிருப்பார்கள். கொத்தனாரிடம் டியூப் மட்டம் வாங்கி, நான்கு சக்கரமும் நிற்கும் இடங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். தாழ்ந்த இடத்தில் பிளைவுட் துண்டு வைத்து மட்டமாக்கிக்கொள்ளலாம்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்த பிறகுதான் தலையை உள்ளே நீட்ட வேண்டும்.

சேறு, டயர், பிரேக்

நம் பக்கத்துக் களிமண் ரிம்மின் உட்புறம் அப்பிக் காய்ந்துவிட்டால் சக்கரத்தின் பேலன்ஸ் கெட்டுவிடும். வேகம் கூடும்போது ஸ்டீயரிங் உதறும். இதைப் பார்க்காமல் பால் ஜாயிண்ட் (சக்கரம் திரும்பவும் ஏறி இறங்கவும் விடும் மூட்டு) மாற்றுகிறவர்கள் உண்டு. சக்கரத்தைக் கழற்றி உட்பக்கத்தைச் சுரண்டிக் கழுவுங்கள். அப்படியும் உதறினால் வீல் பேலன்சிங் பாருங்கள்.

வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுப்பும் எதிர்ப்பக்கம் மாறினால் குறை டயரில். சுழலும் திசை குறித்த டயருக்கு மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். கொஞ்ச தூரம் ஓட்டி வந்து ஒரு சக்கரத்தில் மட்டும் சூடு அதிகமாக அடித்தால், அங்கே பிரேக் கேலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்னொன்று: தார்ச்சாலை நடுவில் உயர்ந்துதான் இருக்கும், நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். அதனால் குறையில்லாத வண்டியும் லேசாக இடப்பக்கம் ஒதுங்கும். அதைக் குறையாக எண்ணிக் கையை வைக்காதீர்கள்.

ஆட்டம் எங்கே?

முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தின் இடது வலது ஓரங்களைப் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் குறை டைராட் எண்டில் (டைராடின் வெளிமுனை மூட்டு) அல்லது ரேக்கில் (ஸ்டீயரிங்கின் சுழற்சியை இடவலமாக மாற்றும் பல்பட்டை). மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். அப்போது உள்ளே ஒருவரை உட்கார்த்தி பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங்தான்.

பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, ஒருவர் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக அசைக்க, நீங்கள் ஒவ்வொரு ஜாயிண்டாகக் கையால் தொட்டுப் பாருங்கள். தேய்ந்த ஜாயிண்டின் 'டக்' விரலுக்குத் தெரிந்துவிடும். ரேக்கின் ரப்பர் பூட் கிழிந்திருந்தால் சேற்றுத் தண்ணீர் உள்ளே போய்ப் பல்லைத் தின்றிருக்கும். ரேஸ் ஸ்டீயரிங் போட்டிருந்தால், கழற்றி மாட்டும் அந்த பாஸ் பகுதியிலேயே ஆட்டம் இருக்கலாம். கீழே எல்லாம் மாற்றிய பிறகு இதைக் கண்டுபிடிப்பது வீண் செலவு.

டைராட் எண்டைக் கழற்ற, நட்டைத் தளர்த்திவிட்டு, எண்டு நுழைந்திருக்கும், சக்கரப் பக்கத்து இரும்புக் கையின் (ஸ்டீயரிங் ஆர்ம்) பக்கவாட்டில் சுத்தியலால் அடியுங்கள். மரையின் தலையில் அடித்தால் மரை நசுங்கும். பழைய எண்டு எத்தனை சுற்றில் வெளியே வந்தது என்று எண்ணி, புதியதையும் அத்தனை சுற்று உள்ளே விடுங்கள். அலைன்மென்ட் ஏறக்குறைய பழைய இடத்துக்கு வந்துவிடும். நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின் எப்போதும் புதிது. ஸ்டீயரிங் பாகம் எதிலும் வெல்டிங் கூடவே கூடாது, பட்டறையில் யார் சொன்னாலும் சரி.

நூல் கட்டி டோ பார்ப்பது

மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவுதான் டோ. வண்டியின் இரு பக்கமும் முன்னும் பின்னும் நூல் கட்ட ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தின் நடுமட்டத்தில் நூலை இழுத்துக் கட்டுங்கள். முன் ஹப்பின் நடுவிலிருந்து நூல் வரை உள்ள தூரம் இடதிலும் வலதிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பின் ஹப்புக்கும் அப்படியே. ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டிவிட்டு, ரிம்மின் முன் விளிம்பிலிருந்தும் பின் விளிம்பிலிருந்தும் நூலுக்கு அளவெடுங்கள். முன்னால் 152 மில்லிமீட்டர், பின்னால் 150 என்றால் அந்தச் சக்கரம் 2 மில்லிமீட்டர் உள்நோக்கி இருக்கிறது. அதுதான் டோ-இன்.

ரேக், ஆக்சிலுக்குப் பின்னால் இருக்கும் வண்டியில் டைராடை நீட்டினால் டோ-இன் கூடும், குறைத்தால் டோ-அவுட். இரு பக்கமும் சமமாகத் திருப்பினால்தான் ஸ்டீயரிங் நேராக நிற்கும். டிராக்கில் சிலர் லேசான டோ-அவுட் வைப்பார்கள், வளைவில் மூக்கு சட்டென்று திரும்பும். நேர் சாலையிலோ வண்டி அலையும், டயரின் உள்விளிம்பும் தேயும். விற்கப்போகும் வண்டிக்குப் பூஜ்யமே போதும். அடுத்தவருக்கு வேண்டியதை அவர் வைத்துக்கொள்வார்.

பள்ளத்தில் விழும்போது மட்டும் ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறதா? வண்டியைத் தாழ்த்த ஸ்பிரிங்கை வெட்டியிருப்பார்கள். தாழ்ந்த வண்டியில் டைராடும், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மும் சேர்ந்து ஏறி இறங்கும் கணக்கு மாறிவிடும். அதனால் சக்கரம் மேலே ஏறும்போதெல்லாம் டோ மாறும். அலைன்மென்ட் கடையில் எத்தனை முறை நிறுத்தினாலும் இது தீராது. அளவான ஸ்பிரிங் போட்டு உயரத்தைப் பழையபடி கொண்டுவருவதுதான் வழி. வெட்டிய ஸ்பிரிங் காயலான் கடைக்குப் போகட்டும், வாங்குகிறவர் கைக்கு வேண்டாம்.

கை மாற்றுவது

மாற்றிய பாகங்களின் பில், நூல் கட்டி எடுத்த அளவு, இன்னும் பாக்கி இருக்கும் வேலை மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். போட்ட பணம் முழுதும் திரும்பி வராது, அதை முதலிலேயே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். கம்பெனி இருக்கை, ஸ்டீயரிங் போன்ற கழற்றிய பாகங்களையும் சேர்த்துக் கொடுத்தால் மதிப்பு கூடும். சீட் பெல்ட்டில் எஃப்.ஐ.ஏ. (உலக மோட்டார் ரேஸ் அமைப்பு) லேபிள் இருந்தால் அதில் காலாவதித் தேதி இருக்கும், அதையும் காட்டிவிடுங்கள்.

வண்டியின் அமைப்பை ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. எனவே ரோல் கேஜ் (உள்ளே போடும் பாதுகாப்புக் கம்பிக்கூண்டு) போட்ட வண்டியை "ரோட்டிலும் ஓட்டலாம்" என்று சொல்லி விற்காதீர்கள், லாரியில் ஏற்றி அனுப்புங்கள். ஆர்.சி. உயிரோடு இருந்தால் படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் தராதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

வாங்குகிறவர் காரைக்காலா? மயிலாடுதுறையிலிருந்து கூப்பிடு தூரம்தான், ஆனால் அது புதுச்சேரி ஆட்சிப்பகுதி, பதிவு எண்ணும் பி.ஒய். 02. அதற்கு நம் ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28இல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அது கையில் வரும்வரை சாவி உங்களிடமே இருக்கட்டும்.