பழைய பீப்பாயும் மேப்பிள் நீரும்: கழுவும்போது விடும் பிழைகள்

பெப்ரவரி கடைசியில் ஒன்ராறியோவில் இரவு உறைந்து பகல் உருகத் தொடங்கினால் மேப்பிள் மரங்களில் நீர் ஓட ஆரம்பிக்கும். அதைக் காய்ச்சி வற்ற வைத்தால்தான் மேப்பிள் பாணி. காணியில் உள்ள மரங்களில் துளை போட்டு வைத்தவருக்கு அப்போதுதான், சேரும் நீரை எதில் ஊற்றி வைப்பது என்ற யோசனை வரும். ஒரு துளையிலிருந்து ஒரு பருவத்துக்குச் சுமார் 40 லீற்றர் எதிர்பார்க்கலாம். முப்பது துளை என்றால் ஆயிரம் லீற்றரைத் தாண்டிவிடும். கியூபெக்கின் பெரிய தோட்டக்காரர்களிடம் துருப்பிடிக்காத எஃகுத் தாங்கிகள் இருக்கின்றன. நம்மைப் போன்றவர்கள் உணவுத் தொழிற்சாலைகள் கழித்துவிடும் 200 லீற்றர் நீலப் பிளாஸ்டிக் பீப்பாயைத் தேடிப் போவோம். மலிவு, உறுதி, வான் வண்டியின் பின்னால் ஏற்றிவிடலாம்.

முதல் வருஷம் நான் வாங்கிய பீப்பாயில் வெள்ளரிக்காய் ஊறுகாய் இருந்ததாம். பாத்திரம் கழுவும் எலுமிச்சை வாசனைத் திரவத்தை ஊற்றி, ஹோஸைப் பிடித்து மூன்று தரம் அலசினேன். உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தேன். ஒன்றும் மணக்கவில்லை. ஏப்ரலில் காய்ச்சி இறக்கிய பாணியைப் பான்கேக்கில் ஊற்றிச் சாப்பிட்ட மகள், "அப்பா, இது பேர்கர் மாதிரி மணக்குது" என்றாள். மூன்று வாரத்து விறகும் முதுகுவலியும் அந்த ஒரு வசனத்தில் முடிந்தது.

பிழை எங்கே என்பதைக் கணக்குப் போட்டால் விளங்கும். மரத்திலிருந்து வருவது பெரும்பாலும் தண்ணீர்தான், அதில் சீனி ஏறக்குறைய 2 சதவீதம். பாணியில் அது 66 சதவீதமாவது இருக்க வேண்டும். அதற்கு 40 லீற்றர் நீரை 1 லீற்றராக வற்ற வைக்கிறோம். பீப்பாய் நிறைய இருந்தது கடைசியில் 5 லீற்றராகச் சுருங்குகிறது. சீனி செறிகிற அதே கணக்கில், பீப்பாய்ச் சுவரிலிருந்து இறங்கிய உப்பு, சோப்பு என்று ஆவியாகாத எல்லாமும் நாற்பது மடங்கு செறியும். மணம் கொஞ்சம் ஆவியோடு போகும், முழுக்கப் போகாது. குடிதண்ணீர் பிடித்து வைக்கிற அளவுக்குச் சுத்தமாக இருந்தால் போதும் என்று நான் நினைத்தேன். மற்றப் பிழைகள் எல்லாம் அந்த நினைப்பிலிருந்துதான் கிளைத்தன.

பனங்காட்டுப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி புதிதல்ல. சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறங்கினால் புளிக்காத கருப்பணி, தடவாத முட்டியில் இறங்கினால் புளித்த கள்ளு. பாத்திரம்தான் முடிவு செய்கிறது. மேப்பிள் நீருக்குச் சுண்ணாம்பு போடும் வழக்கம் இல்லை. அந்த வேலையைக் குளிரும் சுத்தமும் சேர்ந்துதான் செய்ய வேண்டும்.

வாங்கும்போதே நடக்கும் பிழை

பீப்பாயின் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற இலக்கத்தைப் பார்த்துவிட்டு 'உணவுத் தரம்' என்று நம்பிவிடுகிறார்கள். அந்த இலக்கம் பிளாஸ்டிக்கின் வகையை மட்டும்தான் சொல்கிறது: எச்டிபிஇ. கார் கழுவும் சோப்பும் பூச்சிமருந்தும் அதே பிளாஸ்டிக்கில், அதே நீல நிறத்தில்தான் வருகின்றன. நீலம் என்பதும் ஒரு சான்று இல்லை. பார்க்க வேண்டியது, முதலில் அதில் என்ன இருந்தது என்று சொல்லும் லேபிளை. லேபிள் கிழிக்கப்பட்டிருந்தால், விற்பவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த பிறகு இடையில் யாராவது அதில் டீசல் ஊற்றி வைத்தார்களா என்பதையும் கேளுங்கள். பண்ணைகளில் அது நடக்கும். ரசாயனம் இருந்த பீப்பாயை எதைக் கொண்டு கழுவினாலும் உணவுக்கு ஆகாது.

உணவு இருந்த பீப்பாய்களிலும் தராதரம் உண்டு. குளிர்பானப் பாகு, பழச்சாறு, குளுக்கோஸ் போன்றவை தண்ணீரில் கரைந்து போய்விடும். அவை இருந்த பீப்பாய் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். ஊறுகாய், வினிகர், ஆலிவ், சோயா சோஸ், மிளகாய் என்றால் தலைவலிதான். இந்தப் பிளாஸ்டிக் எண்ணெய்த்தன்மை உள்ள மண வகைகளை மேற்பரப்பில் வைத்திருப்பதில்லை, தனக்குள் இழுத்துக்கொள்கிறது. சூடு பட்டால் மெல்ல மெல்ல வெளியே விடும். சமையல் எண்ணெய் இருந்தது இன்னும் மோசம், காறல் வாடை போகவே போகாது. நிலக்கடலை, எள்ளு சம்பந்தப்பட்ட எதுவும் இருந்திருந்தால், பாணியை ஒரு போத்தலேனும் மற்றவருக்குக் கொடுக்கும் எண்ணம் இருப்பவர் அதைத் தொடவே கூடாது. ஒவ்வாமை என்பது விளையாட்டில்லை.

இன்னொன்று: மேல்பக்கம் முழுக்கக் கழன்று வருகிற, இரும்பு வளையம் போட்டுப் பூட்டுகிற வகையை எடுங்கள். இரண்டு சின்ன வாய் மட்டும் உள்ள மூடிய பீப்பாய்க்குள் கை போகாது, கண்ணும் போகாது. பார்க்க முடியாததைக் கழுவ முடியாது.

சோப்பும் சூடும்

வாசனை போட்ட எந்தச் சோப்பும் வேண்டாம். ஊறுகாய் மணத்தை எலுமிச்சை மணத்தால் மூடினால் கடைசியில் இரண்டும் பாணிக்குள் வந்து நிற்கும். வாசனையில்லாத சோப்பைச் சிறிதளவு, வெதுவெதுப்பான தண்ணீரில், மெதுவான பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். கம்பிச் சுரண்டியை எடுக்காதீர்கள். அது போடும் கீறல்கள்தான் பிறகு கிருமிகளின் குடியிருப்பு.

பலர் கேத்திலில் கொதிக்க வைத்த தண்ணீரை ஊற்றி, மூடியை இறுக்கி, உருட்டுவார்கள். பிளாஸ்டிக் உருகாது, ஆனால் இளகும். உள்ளே ஆவி ஆறியதும் வெற்றிடம் உண்டாகி பீப்பாய் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். நசுங்கின தகரப் பேணி மாதிரி ஒன்று கராஜில் நிற்கும். சூடான தண்ணீர் நல்லது, கை தாங்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே, மூடியைத் தளர்வாக விட்டு.

மணத்துக்கு என் அனுபவத்தில் சரியாக வந்தது அப்பச்சோடா. ஒரு பெட்டியைச் சுடுநீரில் கரைத்து, மேலே வரைக்கும் தண்ணீர் நிரப்பி, ஒன்றிரண்டு நாள் விட வேண்டும். பிறகு ஊற்றி அலசி, திறந்தபடி வெயிலில் ஒரு கிழமை. இதைப் பெப்ரவரியில் செய்ய முடியாது என்பதுதான் சங்கடம். பீப்பாயைக் கோடையிலேயே வாங்கிவிடுங்கள்.

ப்ளீச்: அதிகப் பிழை நடக்கும் இடம்

மேப்பிள்காரர்களுக்கு வட அமெரிக்காவில் வழக்கமாகச் சொல்லப்படும் அளவு, வாசனையில்லாத வீட்டு ப்ளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் இருபது பங்கு. அது உண்மையில் கடுமையான கலவை, ஆகவேதான் கூடவே மூன்று தரம் சுடுநீரில் அலசச் சொல்கிறார்கள். அந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் மறக்கிறோம்.

முதலில் உயிருக்கு ஆபத்தான பிழையைச் சொல்லிவிடுகிறேன். ஊறுகாய்ப் பீப்பாயின் மணத்தைப் போக்க ஒருவர் வினிகர் போடச் சொல்வார், இன்னொருவர் ப்ளீச் போடச் சொல்வார். இரண்டையும் சேர்த்தால் குளோரின் வாயு. வினிகர் நீங்கள் போடாவிட்டாலும், ஊறுகாய்ப் பீப்பாயின் அடியில் ஏற்கெனவே அது இருக்கலாம். அதற்குள் ப்ளீச்சை ஊற்றித் தலையையும் விட்டுப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே முதலில் தண்ணீரால் நன்றாக அலசி, சோப்பால் கழுவி, மறுபடி அலசி, அதன் பிறகுதான் ப்ளீச். அதுவும் வெளியில், காற்றோட்டத்தில். அமோனியா உள்ள துப்புரவுத் திரவத்தோடும் சேர்க்கக் கூடாது.

அந்த வரிசைக்கு இன்னொரு காரணமும் உண்டு. ப்ளீச் அழுக்கைக் கழுவாது, கிருமியைக் கொல்லும். சுவரில் வழுக்கலான படலம் இருக்கும்போது ஊற்றினால் அதன் பலம் எல்லாம் அந்த அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். கொதிநீரில் கலந்தாலும் பலம் குறையும், குளிர்ந்த தண்ணீரே சரி. இரண்டு வருஷமாக நிலவறையில் கிடந்த போத்தலை நம்பாதீர்கள், ப்ளீச் நாள்பட நாள்படத் தண்ணீராகிவிடும். சிந்தாமல் ஊற்ற என்று தடிப்பாக்கி விற்கும் வகையையும் தவிருங்கள், அது இந்த வேலைக்கு இல்லை.

ப்ளீச் உடைந்தால் மிஞ்சுவது உப்பு. உப்பு ஆவியாகாது. அடியில் அரைக் கோப்பை கலவை தேங்கி நின்றால் கூட அது பாணி வரைக்கும் உங்களோடு வரும். அணிலுக்கும் அந்த உப்பு பிடிக்கும். குழாய்களை ப்ளீச்சில் கழுவி அலசாமல் விட்டவர்களின் குழாயை அணில்கள் கடித்து வைப்பது இங்கே பழைய முறைப்பாடு.

மூடியில் ஒளிந்திருக்கும் மணம்

பீப்பாயை இரண்டு நாள் கழுவிவிட்டு, மூடியின் உள்ளே ஓடும் றப்பர் வளையத்தை அப்படியே விட்டுவிடுவோம். றப்பர் பிளாஸ்டிக்கைவிட மோசமாக மணத்தைப் பிடித்து வைக்கும். அதைக் கழுவிப் பயனில்லை, புதிதாக மாற்றிவிடுங்கள். அடியில் குழாய் பொருத்தியிருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள். வால்வின் உள்ளே இருக்கும் வழுக்கலைக் கண்டால் ஏன் நீர் சீக்கிரம் கெட்டது என்பது தெரிந்துவிடும்.

அப்புறம், குளிரில் மோந்து பார்ப்பது. நான் ஏமாந்தது இங்கேதான். கராஜில் உறைநிலைக்குக் கீழே நின்ற பீப்பாயில் எந்த மணமும் எழும்பாது. வீட்டுக்குள் கொண்டுவந்து, இருபது லீற்றர் சுடுநீர் ஊற்றி, தளர்வாக மூடி, ஓர் இரவு விடுங்கள். காலையில் திறந்த உடனே மோந்து பாருங்கள். லேபிள் பார்த்து வாங்கிய பீப்பாய் என்றால் இன்னொரு படி போகலாம்: அந்தத் தண்ணீரில் 4 லீற்றரை 100 மில்லிலீற்றராக வற்ற வைத்து நாக்கில் வையுங்கள். பக்கத்து அடுப்பில் வெறும் குழாய்த் தண்ணீரையும் அதே அளவுக்கு வற்ற வையுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரின் சொந்தச் சுண்ணாம்புச் சுவையைப் பீப்பாயின் தலையில் கட்டிவிடுவீர்கள்.

மணம் போகவில்லை என்றதும் குப்பைப் பையை உள்ளே விரித்துச் சமாளிப்பதும் பிழைதான். பல குப்பைப் பைகளில் வாசனை சேர்க்கப்பட்டிருக்கும், உணவு படுவதற்குச் செய்யப்பட்டவையும் அல்ல. உணவுக்கென்றே விற்கும் உறைகள் உண்டு, அவற்றை வாங்கலாம்.

பருவம் ஓடும்போது

ஒருதரம் நன்றாகக் கழுவினோம், இனி ஏப்ரல் வரைக்கும் கவலையில்லை என்று இருக்க முடியாது. மேப்பிள் நீரைப் பாலாக நினையுங்கள். 4 பாகை செல்சியசுக்குக் கீழே வைத்து, சில நாட்களுக்குள் காய்ச்சிவிட வேண்டும். நிழலில், வீட்டின் வடக்குப் பக்கம், சுற்றிப் பனியை அணைத்து வையுங்கள். பழைய நீரின் மேல் புது நீரை ஊற்றுவது, நேற்றைய பாலில் இன்றைய பாலை ஊற்றுவது மாதிரி. கிருமிகள் நீரிலுள்ள சுக்குரோசை குளுக்கோசாகவும் புருக்டோசாகவும் உடைக்கும், அதனால் பாணி கறுக்கும். இன்னும் முற்றினால் கரண்டியில் எடுக்கும்போது நூல் மாதிரி இழுபடும். அதை ஊற்றிவிடுவதைத் தவிர வழியில்லை.

ஒவ்வொரு தரமும் காலியானதும் சுடுநீரால் அலசுங்கள், போதும். ப்ளீச்சை இடையில் கொண்டுவராதீர்கள். காய்ச்சும் கொட்டகையில் ஆவியைப் பிடித்துக் குளிரவிடும் மூடி வைத்திருந்தால் அதிலிருந்து சொட்டும் சுடுநீரே இதற்குக் காணும். வாங்கத் தேவையில்லை, வீட்டிலிருந்து சுமக்கவும் தேவையில்லை.

மொட்டு வெடித்து நீரின் சுவை மாறியதும் பருவம் முடிந்தது. அன்றே கழுவுங்கள். காய்ந்துபோன படலத்தை அடுத்த வருஷம் தேய்ப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். கவிழ்த்து, ஒரு பக்கம் கட்டை வைத்துச் சாய்த்து, முழுக்கக் காயவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும். ஈரத்தோடு மூடினால் பூஞ்சணம், திறந்து விட்டால் எலி. நான் வாயில் வலைத்துணி கட்டி வைக்கிறேன்.

அந்த ஊறுகாய்ப் பீப்பாய் இப்போது தக்காளிப் பாத்திக்குப் பக்கத்தில் மழைநீர் பிடிக்கிறது. ஆறு வருஷமாகிறது. ஜூலை வெயிலில் கிட்டப் போனால் இன்னும் மணக்கும்.