உப்பேறிய கிணற்றில் குளோரின்: புரோமோஃபார்ம் உருவாவதை ஜி.சி.-எம்.எஸ்.ஸில் பார்ப்பது எப்படி?

கடலூர், புதுச்சேரிக் கரையோரத்தில் கடல்நீர் ஏறிய கிணறு என்றால், குளோரின் போடும்போது உருவாகும் குளோரோஃபார்மை மட்டும் தேடினால் போதாது; அதன் புரோமின் வகையான புரோமோஃபார்மையும் தேட வேண்டும். ஆவியாகும் சேர்மங்களைப் பிரித்து, அயனி நிறையால் அடையாளம் காட்டும் ஜி.சி.-எம்.எஸ். கருவி அதற்கு உதவும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 65 மி.கி. புரோமைடு உண்டு, குளோரைடில் ஏறக்குறைய 300-ல் ஒரு பங்கு. உப்பு கடலிலிருந்துதான் வந்தது என்றால், 600 மி.கி. குளோரைடு காட்டும் கிணற்றில் 2 மி.கி. புரோமைடு இருக்கும். குளோரின் அதை ஹைப்போபுரோமஸ் அமிலமாக மாற்றும். மட்கிய கரிமப் பொருளோடு அது குளோரினைவிட வேகமாக வினைபுரிந்து புரோமோஃபார்மைத் தரும்.

தண்ணீரை 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டி, போரேட் பஃபரால் (பி.எச். மாறாமல் பிடித்துவைக்கும் கரைசல்) பி.எச். 8-க்குக் கொண்டுவாருங்கள். குளோரின் தரும் ஹைப்போகுளோரைட் கரைசலின் செறிவை அன்றன்றே டைட்ரேட் செய்து அளந்துகொள்ளுங்கள். பாட்டில் லேபிளில் உள்ள சதவீதத்தை நம்பவே கூடாது. 24 மணி நேரம் கழித்து லிட்டருக்கு 1 மி.கி. குளோரின் மிஞ்சும் அளவுக்குச் சேருங்கள். தண்ணீரை வைத்திருக்கும் வெப்பநிலை வெளிநாட்டு முறைகளில் 20 டிகிரி என்றிருக்கும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீருக்கு 30 டிகிரிதான் பொருந்தும்.

அரை மணி, 1, 4, 24, 72 மணி என்று ஒவ்வொரு நேரத்துக்கும் தனித்தனி 125 மி.லி. பழுப்புப் பாட்டில் வையுங்கள். காற்றுக்குமிழி இல்லாமல் தளும்ப நிரப்பி மூட வேண்டும். ஒரே பாட்டிலைத் திறந்து திறந்து எடுத்தால் உருவானது காற்றோடு போய்விடும், வரைபடம் பொய் சொல்லும்.

நேரம் வந்ததும் 25 மி.கி. அஸ்கார்பிக் அமிலம் போட்ட 40 மி.லி. குப்பியில், சுவரோரமாக மெல்ல ஊற்றுங்கள். குளோரின் முறிந்த பிறகே ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துப் பி.எச். 2-க்கு இறக்க வேண்டும். பழுப்புப் பாட்டிலில் மிஞ்சிய தண்ணீரில் எஞ்சிய குளோரினை அளந்துகொள்ளலாம்.

20 மி.லி. ஹெட்ஸ்பேஸ் குப்பியில் (திரவத்தின் மேலுள்ள ஆவியை எடுத்து அளக்கும் குப்பி) 10 மி.லி. மாதிரி, 3 கிராம் சுட்ட உப்பு, உள்தரமாக (ஒப்பிட்டு அளக்கத் தெரிந்த அளவில் சேர்ப்பது) ஃபுளோரோபென்சீன். 60 டிகிரியில் 20 நிமிடம் போதும். சூட்டை ஏற்றினால் பாதி வழியில் நிற்கும் இடைப்பொருட்கள் குப்பிக்குள்ளேயே உடைந்து கணக்கைக் கூட்டிவிடும்.

குளோரோஃபார்ம், புரோமோடைகுளோரோமீத்தேன் இரண்டுக்கும் முதன்மை அயனிகள் 83, 85 தான். பீக் வரும் நேரத்தைக் கொண்டே பிரிக்க வேண்டும். டைபுரோமோகுளோரோமீத்தேனுக்கு 127, 129. புரோமோஃபார்மில் 171, 173, 175 மூன்றும் 1:2:1 உயரத்தில் நிற்கும்; விகிதம் கோணினால் ஏதோ கலந்திருக்கிறது. சுத்த நீரில் ஹைப்போகுளோரைட் போட்ட பிளாங்க் (கிணற்று நீர் இல்லாத ஒப்பீட்டு மாதிரி) கட்டாயம். பக்கத்து மேசையில் குளோரோஃபார்மைத் திறந்தாலே அதில் தெரியும்.

முடிவை மைக்ரோமோலில் எழுதுங்கள். புரோமோஃபார்ம் மோலுக்கு 253 கிராம், குளோரோஃபார்ம் 119. எடையில் ஒப்பிட்டால் புரோமின் வகை இரண்டு மடங்காகத் தோன்றும்.

ஆவியாகாத புரோமின் சேர்மங்களை, திரவத்தில் பிரித்து அயனிகளை உடைத்துப் பார்க்கும் எல்.சி.-எம்.எஸ்./எம்.எஸ்.ஸில், உடையும்போது 79, 81 நிறையுள்ள புரோமைடு அயனிகளைத் தரும் தாய் அயனிகளாகத் தேடலாம். ஒரு புரோமின் உள்ள சேர்மம் இரு தேடலிலும், 2 நிறை இடைவெளியில், ஏறக்குறைய சம உயரத்தில் வரும். பாஸ்பேட் பஃபரும் 79-ஐத் தரும். முதலிலேயே போரேட் எடுத்தது அதனால்தான்.