கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்: வேலையிடத்தில் விசுவாசியாக இருப்பது எப்படி

இருபத்தாறு வருடமாக ஸ்டோர் கீப்பர் வேலை பார்க்கிறேன். பேரிங், பெல்ட், ஆயில் சீல், நட்டு, போல்ட்டு எல்லாவற்றையும் எண்ணி வாங்கி, எண்ணிக் கொடுப்பதுதான் தொழில். சபையில் வாலிபப் பிள்ளைகள் அவ்வப்போது பிடித்துக்கொண்டு, "வேலை செய்ற இடத்துல எப்படி சாட்சியா இருக்கிறது அண்ணே?" என்று கேட்பார்கள். ஒரு வசனம் தருவேன், அல்லது யாரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்கலாம் என்று யோசனை சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு: "நீ முடிச்ச வேலையை அடுத்ததா யார் கையில வாங்குறாங்க? அவங்க பேர் தெரியுமா?"

பாதிப் பேருக்குத் தெரியாது. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பிறன் யார் என்று கண்டுபிடியுங்கள்

உன்னைப்போல் பிறனையும் நேசி என்று பிரசங்கத்தில் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்தான் ஞாபகத்துக்கு வருவார். வேலையிடத்தில் பிறன் என்றால், உங்கள் வேலை பிசகினால் அடி வாங்குகிறவர். எனக்கு அவர், இன்டென்ட்டை, அதாவது பொருள் கேட்டு எழுதிய சீட்டைப் பிடித்துக்கொண்டு கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற, மெஷின் பழுதுபார்க்கும் ஃபிட்டர். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு, பில் எப்போது பாஸாகும் என்று காத்திருக்கும் சின்ன சப்ளையர். நர்ஸுக்கு, நோயாளியைத் தவிர, அடுத்த ஷிஃப்டில் வந்து அவர் எழுதியதை நம்பி மருந்து கொடுக்கப்போகிற இன்னொரு நர்ஸ். அவர் யார் என்று தெரிந்துவிட்டால் பாதிக் கேள்விகளுக்குத் தானாகவே பதில் வந்துவிடும்.

என் கவுண்டரிலேயே பாருங்கள். 6205 என்று ஒரு பேரிங் உண்டு. உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, அகலம் 15. இதே அளவில் இரண்டு பக்கமும் தகட்டு மூடி போட்டதும் வரும், ரப்பர் சீல் போட்டதும் வரும். இரண்டும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி உட்காரும். ஃபிட்டர் ரப்பர் சீல் கேட்கிறார். அது மேல் ரேக்கில் இருக்கிறது, ஏணி போட்டுத்தான் எடுக்க வேண்டும். தகட்டு மூடி போட்டது கைக்கு எட்டுகிற இடத்தில். "இதையே போடுப்பா, அளவு ஒண்ணுதானே" என்று எத்தனையோ முறை தள்ளிவிட்டிருக்கிறேன். தகட்டுக்கும் உள்வளையத்துக்கும் நடுவில் முடி அளவு இடைவெளி இருக்கும். தூசி பறக்கிற இடத்தில் அந்த வழியாகத் தூசி உள்ளே போய், கிரீஸ் கெட்டு, பேரிங் சீக்கிரமே சத்தம் போட ஆரம்பிக்கும். அப்போது ராத்திரி ஷிஃப்டில் மெஷினுக்கு அடியில் படுத்துக் கழற்றுகிறவர் அந்த ஃபிட்டர், நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பேன். ஏணியில் ஏறுவதுதான் அந்த நேரத்தில் எனக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை. இது புரிய எனக்குப் பத்து வருடம் ஆனது.

எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள் என்கிற கொலோசெயர் மூன்றாம் அதிகார வசனத்தைப் பல பேர் மேஜையில் ஒட்டியிருப்பார்கள். பவுல் அதை அடிமைகளுக்கு எழுதினார். பதவி உயர்வோ, பாராட்டோ, பிடிக்காவிட்டால் விட்டுப் போகிற உரிமையோ இல்லாதவர்களுக்கு. அதற்கடுத்து நான்காம் அதிகாரம், வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்று எஜமான்களைப் பார்த்துத்தான் தொடங்குகிறது. எந்த மேனேஜர் மேஜையிலும் அது ஒட்டியிருந்து நான் பார்த்ததில்லை.

என் தொழிலுக்கென்றே எழுதின மாதிரி ஒரு பழைய பாடமும் உண்டு. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற துறவி தன் மடத்துக்கு எழுதிய விதிகளில் 31ஆம் அதிகாரம் சரக்கறைப் பொறுப்பாளரைப் பற்றியது. மடத்தின் பாத்திரம், கருவி எல்லாவற்றையும் பலிபீடத்துப் பாத்திரங்களைப் போல நினைத்துக் கையாள வேண்டும் என்கிறார். அதைவிட எனக்குச் சுருக்கென்று தைத்தது இன்னொன்று: கேட்ட பொருள் கையில் இல்லாவிட்டால், கேட்டவருக்கு ஒரு நல்ல வார்த்தையாவது கொடுக்க வேண்டும். ஸ்டோரில் வழக்கமாகக் கிடைக்கும் பதில் "ஸ்டாக் இல்ல, போ". இப்போது நான் இல்லை என்று சொன்னால் கூடவே இரண்டு விஷயம் சொல்லிவிடுவேன்: எப்போது வரும், அதுவரைக்கும் வேறு எதை வைத்துச் சமாளிக்கலாம். இதற்குப் பெரிய பக்தி தேவையில்லை, அரை நிமிஷம் போதும்.

ஜெபம்

இதில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நெகேமியா ராஜாவின் பானபாத்திரக்காரன். என்ன வேண்டும் என்று ராஜா கேட்டதற்கும் அவன் பதில் சொன்னதற்கும் நடுவில் ஒரு ஜெபம் செய்தான். அதன் வார்த்தைகள்கூட வேதத்தில் இல்லை, அவ்வளவு சின்னது. கோபமாக வந்த மெயிலுக்குப் பதில் அடிக்கும் முன், கோபமாக வந்த ஆளுக்கு வாய் திறக்கும் முன், அந்த அளவு போதும். காலையில் ஷிஃப்ட் லிஸ்ட்டைப் பார்க்கும்போது பெயர்களை ஒவ்வொன்றாக மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். பிடிக்காதவர் பெயரைத் தாண்டிப் போகாமல் இருப்பதுதான் கஷ்டம்.

கவுண்டரை அடைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து வேதம் வாசிக்கிற ஆளோடு நான் வேலை செய்திருக்கிறேன். வெளியே நாலு பேர் நிற்பார்கள். அந்த நாலு பேருக்கும் அவர் எந்தக் கடவுளைக் காட்டினார் என்று யோசித்துப் பாருங்கள்.

உள்ளதை உள்ளதென்று எழுதுவது

இனி என் கதை. ஒரு நாள் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் சரக்கு வந்தது. இன்வாய்ஸில் பேரிங் ஐம்பது. எண்ணாமல் கையெழுத்துப் போட்டேன். இரண்டு மாதம் கழித்து ஸ்டாக் எடுத்தபோது பத்து குறைந்தது. அன்று போய்ச் சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். நான் என்ன செய்தேன் என்றால், எப்போதோ முடிந்துபோன ஒரு ஜாப் நம்பருக்கு அந்தப் பத்தையும் கொடுத்ததாக ஒரு ஸ்லிப் எழுதிவிட்டேன். பின் கார்டு, அதாவது ரேக்கில் தொங்கும் இருப்புக் கணக்கு அட்டை, டேலி ஆகிவிட்டது. நிம்மதியாகக்கூட இருந்தது.

ஆடிட்டில் அந்த ஸ்லிப் சிக்கியது. வாங்கினவர் கையெழுத்து இல்லை. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன ஹெல்பர் பையனைக் கூப்பிட்டு, யாருக்கு எடுத்துக் கொடுத்தாய், வெளியே கொண்டுபோனாயா என்று என் கவுண்டர் முன்னாலேயே நிற்கவைத்துக் கேட்டார்கள். கவுண்டர் கண்ணாடியில் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று நான் ஒட்டின ஸ்டிக்கர். அதற்கு நேர் கீழே அவன் தலை. அன்று மத்தியானம் முழுக்க நான் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் போய்ச் சொன்னேன். மெமோ கொடுத்தார்கள், அந்த வருடம் இன்கிரிமென்ட் நின்றது. அது சரி. அந்தப் பையன் அதற்குப் பிறகு நான் எதைக் கொடுத்தாலும் என் முன்னாலேயே இரண்டு தரம் எண்ணி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் நகர்வான். ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டான். போகிற வரைக்கும் எண்ணினான். ஸ்டிக்கரை நானே சுரண்டி எடுத்தேன். பசைத் தடம் இன்னும் போகவில்லை.

அதிலிருந்து நான் வைத்துக்கொண்ட முறை இது. தப்பு நடந்தால் அன்றைக்கே மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும். என்ன நடந்தது, யாருக்குப் பாதிப்பு, இதுவரை நான் என்ன செய்திருக்கிறேன், மூன்றே வாக்கியம். "ஆனா" என்று நாலாவது வாக்கியம் தொடங்கக் கூடாது. இன்னொருவர் தலையில் பழி விழுந்திருந்தால், யார் முன்னால் விழுந்ததோ அவர்கள் முன்னாலேயே எடுக்க வேண்டும். தனியாகக் கூப்பிட்டு "மன்னிச்சுக்கப்பா" என்பது பாதி மன்னிப்புதான். நான் அந்தப் பாதியைத்தான் செய்தேன். இயேசுவைச் சந்தித்த வரி வசூல்காரன் சகேயு எல்லோருக்கும் கேட்கும்படி நின்று, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காய்த் திரும்பக் கொடுக்கிறேன் என்று கணக்கே சொன்னான்.

சின்னப் பொய்களுக்கு முன்கூட்டியே வாக்கியம் தயார் செய்து வையுங்கள், அந்த நேரத்தில் யோசித்தால் வராது. "நான் இல்லன்னு சொல்லு" என்று மேலதிகாரி கைகாட்டினால், "சார் இப்போ பேச முடியாது, உங்க நம்பரைக் கொடுங்க, சொல்லிடறேன்" என்றால் போதும், அவர் காரியமும் நடந்துவிடும். பழைய தேதி போடச் சொன்னால், இன்றைய தேதியைப் போட்டு, "சரக்கு இன்ன தேதியில் வந்தது, பதிவு இன்று" என்று கீழே எழுதிவிடுவேன். பத்தில் ஒன்பது தடவை யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

சப்ளையர் தருகிற பரிசுக்கும் பெரிய விளக்கம் வேண்டாம். மேலதிகாரி முன்னால் பிரித்துக் காட்ட முடியாததை வாங்காதீர்கள்.

மறுக்க வேண்டி வந்தால்

ஆயக்காரர்கள் யோவான்ஸ்நானனிடம் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். ரோம அரசுக்காக வரி வசூலிக்கிற, ஊரே வெறுக்கிற வேலை. அவன் வேலையை விடச் சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் வாங்காதீர்கள் என்றான். உடனே ராஜினாமா எழுதத் துடிக்கிற பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் முதலில் காட்டுவேன்.

அப்புறம் தானியேல். எல்லோருக்கும் சிங்கக் கெபிதான் தெரியும். முதல் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். ராஜாவின் போஜனம் வேண்டாம் என்று தீர்மானித்தவன் சண்டைக்குப் போகவில்லை. பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று ஒரு வழியையும் கையோடு கொண்டுபோனான். தன்னால் தன்னைக் கவனித்துக்கொண்ட அரண்மனை அதிகாரியின் தலைக்கு ஆபத்து வரக் கூடாது என்பதையும் கணக்கில் வைத்தான். "என்னால முடியாது சார்" என்பதோடு நிறுத்தாமல், "இப்படிச் செஞ்சா உங்களுக்கும் பிரச்சினை வராது" என்று சொல்லப் பழகுங்கள். அதற்கும் மேல் வற்புறுத்தினால் மறுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்போது உங்களுக்காக யாரும் பேச மாட்டார்கள் என்பதையும் சேர்த்தே தீர்மானியுங்கள்.

ஆறாம் அதிகாரத்தில் எதிரிகள் தானியேலின் அலுவல் வேலையில் குற்றம் தேடித் தேடிப் பார்த்து, ஒன்றும் கிடைக்காமல்தான் அவன் ஜெபத்தில் கைவைத்தார்கள். நம்மில் பலருக்கு வருகிற உபத்திரவம் அந்த வகை இல்லை. லேட்டாக வந்ததற்கு மெமோ வாங்கிவிட்டு அதைச் சிலுவை என்று சாட்சி சொல்கிறவர்களை எனக்குத் தெரியும்.

வாய் திறந்து பேசுவது

யாராவது கேட்டால் சாந்தத்தோடே பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறார் பேதுரு. யாராவது கேட்டால். ஆபீஸ் வாட்ஸ்ஆப் குரூப்பில் தினமும் காலையில் வசனப் படம் போடுவது யாரும் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. இருபத்தாறு வருடத்தில் என்னிடம் உண்மையாகவே கேட்டவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். எல்லோரும் கேட்டது ஏதோ ஒரு துக்கத்துக்கு அப்புறம், கவுண்டரில் கூட்டமில்லாத நேரத்தில். நான் பேசியது பத்து நிமிஷம், கேட்டது ஒரு மணி நேரம்.

ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பு. உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவரை நீங்களாக ஜெபக் கூட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள். அவருடைய லீவும் ஓவர்டைமும் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. "சரி சார்" என்று அவர் சொல்வதில் எவ்வளவு விருப்பம், எவ்வளவு பயம் என்று உங்களால் பிரித்துப் பார்க்க முடியாது. விசுவாசி விசுவாசிக்கே நல்ல ஷிஃப்ட் போட்டுக் கொடுப்பதும் இதே கணக்குதான்.

கீழே ஆள் வைத்திருப்பவர்கள் லேவியராகமம் 19ஐத் திறந்து பாருங்கள். கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்கிறது. ஓவர்டைம் தாளில் நான் கையெழுத்துப் போட ஒரு நாள் தள்ளினால் அது அடுத்த மாதச் சம்பளத்துக்குப் போய்விடும். அந்தத் தாள் வந்தால் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு முதலில் அதைப் பார்க்கிறேன்.

கிளம்பும் முன்

அடுத்த ஷிஃப்ட்காரருக்கு ஒரு நோட்டில் நாலைந்து வரி எழுதி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். எது தீரப்போகிறது, யார் எதற்குத் திரும்பி வருவார், எதை எந்த ரேக்குக்கு மாற்றினீர்கள், எதில் உங்களுக்கே சந்தேகம். நான் கடைசி வரியில் ஏணியை எங்கே விட்டிருக்கிறேன் என்றும் எழுதிவிடுவேன்.